ஒன்றரை அணாவுக்கு ஒரு மதராஸ் சிப்பாய்

லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கிய ஆண்டு 1893. உயரம் 54 மி.மீ.; 173 செ.மீ. உயரமுள்ள ஆளை 32இல் ஒரு பங்காகச் சுருக்கினால் கிடைப்பது. 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் பொம்மை ரயிலுக்கு இந்த அளவு பொருந்தியது: 45 × 32 = 1,440; அசல் பிரிட்டிஷ் இருப்புப்பாதை 1,435 மி.மீ.

1890களிலேயே மதராஸ் 1ஆவது காலாட்படையும் பெட்டிக்குள் வந்துவிட்டது. காலாள் என்றால் பெட்டிக்கு 8, குதிரை வீரர் என்றால் 5. எதுவானாலும் 1 ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். 1899இல் 1 பவுண்டுக்கு 15 ரூபாய் என்று நிர்ணயமானதால் 1 ரூபாய் = 16 பென்ஸ், 1 பென்னி = 1 அணா. லண்டன் விலைப்படி பெட்டி 12 அணா. காலாள் ஒன்று 1.5 அணா.

அசல் சிப்பாயின் மாதச் சம்பளம் 1895இல் 7 ரூபாயிலிருந்து 9 ரூபாயாக உயர்ந்தது, 28.6% கூடுதல். 9 ரூபாய் = 144 அணா = 12 பெட்டி = 96 ஈயச் சிப்பாய். ஒரு நாள் சம்பளம் 4.8 அணா; தன்னைப் போன்ற பொம்மையில் மூன்றுதான் வாங்கலாம். சாப்பாட்டுச் செலவும் அந்த 4.8 அணாவுக்குள்தான். லண்டன் பிள்ளையின் ஒரு பெட்டி அவருக்கு இரண்டரை நாள் உழைப்பு. இந்த ஒப்பீட்டை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இந்தப் பொம்மைகளின் விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் எடை. நீளம் 32இல் ஒரு பங்கானால் கன அளவு 32,768இல் ஒரு பங்கு. 60 கிலோ உடம்பு 1.8 கிராமாகும், ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல் 11.3 மடங்கு என்பதால் கெட்டி வார்ப்பு ஏறக்குறைய 21 கிராம். ஜெர்மானியர் அப்படித்தான் வார்த்தார்கள். பிரிட்டன் நிறுவனப் பட்டறையில் உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளித்தோல் இறுகியதும் உள்ளே இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். தோல் மட்டும் நிற்கும்.

மிச்சப்படுத்த முடியாதது வண்ணம். தூரிகையின் 1 மி.மீ. கோடு அசலில் 32 மி.மீ. தலை 7 மி.மீ.; 12 மி.மீ. கருவிழி 0.37 மி.மீ. ஆகிவிடும். ஒரு ஷில்லிங் பெட்டியில் அதைத் தீட்ட நேரம் கிடையாது. கண் ஒரு புள்ளி. சிவப்புச் சட்டையும் கருத்த தோலும்தான் அடையாளம்.

1758இல் திரட்டப்பட்ட அசல் மதராஸ் 1ஆவது காலாட்படை, பயனியர் படையாகி, 175 ஆண்டுகளுக்குப் பின் 1933இல் கலைக்கப்பட்டது. பிரிட்டன் நிறுவனத்தின் ஈய வார்ப்பு 1966 வரை நீடித்தது.

இன்றைய சேகரிப்பாளருக்கு 75 மி.மீ. உருவமும் உண்டு. வண்ணம் பூசும் பரப்பு 1.93 மடங்கு, கெட்டி வார்ப்பானால் உலோகம் 2.68 மடங்கு. கருவிழி 0.52 மி.மீ.; நுண்தூரிகைக்கு எட்டும் அளவு. மதராஸ் சிப்பாயை ஒரு தனி மனிதராகத் தீட்ட நினைப்பவர் இந்தக் கூடுதல் செலவை ஏற்பதே சரி.