பூஜ்யம் தயாரிக்கப்படுகிறது

பூஜ்யம் இயற்கையில் கிடப்பதல்ல, தயாரிக்கப்படுவது. கந்தக டை ஆக்ஸைடு அளக்கும் கருவியைக் காலிபரேட் பண்ணுமுன் அது சூடேறி நிலைகொள்ள வேண்டும். கரி வழியே வடிகட்டிய காற்றுதான் அதற்குப் பூஜ்யம். அடர்த்தி தெரிந்த வாயு சிலிண்டரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கக் கூடாது. குழாயில் கசிவு கூடாது. மிகுதி வாயு வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி எண் தப்பிவிடும்.

இதெல்லாம் தெரிந்த சங்கதி. முக்கியமானது வேறு: திருத்துமுன் கருவி காட்டுகிற எண்ணை அப்படியே எழுதிவைப்பது. 'அதான் சரிபண்ணப் போறோமே, எதுக்கு?' என்பார்கள். எழுதாமல் திருத்தினால் நேற்றுவரை அது சொன்ன பொய்க்குச் சாட்சியில்லை. இந்தியாவில் 2009இல் அறிவித்த வரம்பு, 24 மணிநேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம். கருவி குறைத்துக் காட்டினால், ஆலையோரம் மூச்சுத்திணறுகிறவர் பேச்சு வெறும் புலம்பலாகிவிடும்.