எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை

நுரையீரலுக்கு வலி தெரியாது. அதன் உள்ளே வலியை உணரும் நரம்புகள் இல்லை. கட்டி வளர்ந்து, மேலே போர்த்தியிருக்கும் சவ்வையோ விலா எலும்பையோ எட்டிய பிறகுதான் வலிக்கத் தொடங்கும். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம். "வலிச்சா பாத்துக்கலாம்" என்பது உழைக்கும் ஆண்களின் எழுதாத மருத்துவச் சட்டம், வடசென்னையின் எர்ணாவூரிலும் அதுதான். அதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. மூட்டை தூக்குகிறவருக்கும் வெல்டிங் வைக்கிறவருக்கும் விடிவதற்குள் வலையோடு கடலுக்குப் போகிறவருக்கும் உடம்பைப் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு வேலைக்குப் போக முடியுமா? முதுகு, முட்டி, பல் எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டம் ஒரு மாதிரி ஓடிவிடுகிறது. நுரையீரல் விஷயத்தில்தான் ஆளைக் கைவிடுகிறது.

இந்த ஊர்க் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது; அத்திப்பட்டுப் பக்கத்து வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் கரியில் ஓடுகிறது. மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. கரித்தூசியால் அவதி என்ற வழக்கில், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நிறுத்தும்படி 2011-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்துக்கு மூச்சு வந்தது; கரி எண்ணூருக்கு இடம் மாறியது. 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்ததும் இதே எர்ணாவூரில்தான். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை இதற்கு நடுவே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையையும், 2013-இல் வெளிக்காற்று மாசையும் புகையிலை இருக்கும் அதே முதல் வகுப்பில் சேர்த்தது. அந்த வகுப்பு ஆதாரத்தின் உறுதியைச் சொல்வது, ஆபத்தின் அளவை அல்ல. பீடிதான் இன்னமும் பெரிய எதிரி.

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல." கம்பெனி மெடிக்கலிலோ டிபி முகாமிலோ படம் எடுத்துக்கொண்ட ஒருவர் இப்படிச் சொல்லும்போது, அவர் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கிறவர் அல்லர், தப்பான பரிசோதனையை நம்பியவர். அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பிஎல்சிஓ ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் நுரையீரல் புற்றால் இறந்ததில் வேறுபாடு இல்லை. எக்ஸ்ரே என்பது தட்டையான நிழல். இதயமும் விலா எலும்பும் காறை எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் அந்த நிழலில் சின்ன முடிச்சு ஒளிந்துகொள்ள இடம் நிறைய. அதே ஆண்டு, புகைப்பழக்கம் மிகுந்த 53,000 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று மரணம் 20 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. 2020-இல் வெளியான நெதர்லாந்து–பெல்ஜியம் ஆய்வில் ஆண்களிடையே 10 ஆண்டுகளில் 24 விழுக்காடு குறைந்தது. செய்ய வேண்டியதும் அதிகமில்லை. மேசையில் படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்த மூச்சை விடுவதற்குள் படம் எடுத்து முடிந்துவிடும். ஊசி கிடையாது. துவரம்பருப்பு அளவு முடிச்சும் தெரியும்.

இவ்வளவு எளிதென்றால் ஆண்கள் ஏன் வருவதில்லை? படிப்பில்லை, விழிப்புணர்வில்லை என்று நம் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் நிற்காது. 2013 முதல் இந்த ஸ்கேனைப் பரிந்துரைக்கும் அமெரிக்காவிலேயே தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்கூட எடுத்துக்கொள்ளவில்லை. லண்டனில் ஓர் ஆய்வில், பயத்தையும் அவமான உணர்வையும் தணிக்கும்படி பார்த்துப் பார்த்து எழுதிய துண்டறிக்கையை ஒரு பாதிப் பேருக்கும், சாதாரண அறிக்கையை மறுபாதிக்கும் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் வந்தது ஏறக்குறைய பாதிப் பேர். வாசகம் எதையும் மாற்றவில்லை. ஆகவே இது சொல்லிப் புரியவைக்கும் விவகாரம் மட்டுமல்ல. ஒப்பந்தத் தொழிலாளியின் இடத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள். நெஞ்சில் ஏதோ இருக்கிறது என்று எழுதிவிட்டால் அந்தத் தாள் காண்டிராக்டர் கைக்குப் போகுமோ, கேட்பாஸ் நின்றுவிடுமோ என்ற அச்சம். இருமுகிறவரை டிபிக்காரர் என்று ஒதுக்கிய தெருவின் நினைவு. எல்லாவற்றுக்கும் மேல், போய் உட்கார்ந்ததும் "பீடி குடிக்கிறியா?" என்று விழும் முதல் கேள்வி. அது மருத்துவக் கேள்விதான், ஆனால் காதில் விழுவது குற்றப்பத்திரிகை. வராமல் இருப்பதற்கு அவர் சொல்லும் காரணங்களில் பாதிக்கு மேல் நியாயமானவை என்பது என் முடிவு. அப்படியானால் மாற வேண்டியது அவர் மனம் அல்ல, அந்தக் கணக்கு.

கணக்கை மாற்றினால் ஆண்கள் வருகிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. மான்செஸ்டரில் ஸ்கேன் வண்டியைக் கடைவீதி வண்டி நிறுத்தத்துக்கே கொண்டுபோனார்கள். அகப்பட்ட புற்றுகளில் ஐந்தில் நான்கு தொடக்க நிலையில் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்களின் ரத்த அழுத்தத்தை முடிதிருத்தும் கடைகளிலேயே மருந்தாளுநர்கள் கவனித்தபோது, மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு இறங்கியது 9 புள்ளி. இந்தப் பாடத்தை உலகுக்கு முதலில் சொன்னவர்களில் சென்னையும் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துக் கிடப்பவருக்கு இணையாகக் குணமாகும் என்று 1959-இல் நிறுவியது. 2021-இல் வந்த தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதே வழியில் வீடு தேடி வருகிறது. வரும் நேரத்தில் ஆண் வீட்டில் இருப்பதில்லை என்பதுதான் இடைஞ்சல். வேலை இடத்துக்கே போகும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டது. ஆனால் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றோடு நிற்கிறது. ஆணிடம் வாயைத் திறக்கச் சொல்வதோடு சரி.

மருத்துவர்கள் பக்கமிருந்து வலுவான மறுப்பு ஒன்று வரும்: டிபி தழும்பு இவ்வளவு பேருக்கு இருக்கும் நாட்டில் எல்லாரையும் ஸ்கேன் எடுத்தால் தழும்பெல்லாம் கட்டியாகத் தெரியும். உண்மைதான். டிபி அரிதான அமெரிக்காவிலேயே அந்த 53,000 பேர் ஆய்வின் ஸ்கேன்களில் கால்வாசி 'சந்தேகம்' என்று வந்தன. அவற்றில் நூற்றுக்கு 96 புற்று அல்ல. மேல்நாட்டு விதியை அப்படியே இறக்கவும் முடியாது. அது சிகரெட் பாக்கெட்டைக் கொண்டு ஆபத்தை அளக்கிறது, பீடிக்கட்டும் கரித்தூசியும் அதில் அடங்காது. அதனால் நாளைக்கே எர்ணாவூரில் எல்லாருக்கும் ஸ்கேன் என்று கேட்பது என் வாதமல்ல. இன்றே செய்யக்கூடியது வேறு. மூன்று வாரமாக இருமல் என்று வருகிறவருக்குச் சளிப் பரிசோதனை செய்து, "டிபி இல்லை" என்று அனுப்பிவிடுகிறோம். அந்தச் சீட்டு முடிவல்ல. ஐம்பது வயதைத் தாண்டிய, நீண்ட காலம் புகைத்த, இருமல் நிற்காத ஆணுக்கு அங்கிருந்தே சிடிக்கு எழுத வேண்டும். கிருமி தென்படாமல் எக்ஸ்ரே நிழலை மட்டும் வைத்து டிபி மருந்து தொடங்கி, இரண்டு மாதத்தில் தேறாதவருக்கும் அப்படியே. இவர்கள் ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டவர்கள். தேடிப் போக வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு இந்த ஊருக்குள்ளிருந்தே எழும்: புகை கக்குகிறவர்களை விட்டுவிட்டு, புகையைச் சுவாசித்தவனைச் சோதிப்பதா? கோபம் சரி, முடிவு சரியில்லை: அவர்களைக் கேள்வி கேட்கவும் பரிசோதனைப் பதிவு வேண்டும். ஆபத்தான தொழில்முறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை என்பதைத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்தார்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் தொழிலாளியின் பதிவேடும் மாறினால், பத்து வருடம் அவர் நுரையீரலுக்கு என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. நீதிமன்றத்தில் வைக்கவும் ஒன்றும் இருக்காது. பரிசோதனை முடிவு முதலில் தொழிலாளி கைக்கு வரட்டும், அவர் சம்மதமில்லாமல் காண்டிராக்டர் மேசைக்குப் போகாமல் இருக்கட்டும். பரிசோதனை நாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமையாக இருப்பது நல்லது. அன்று காலை எர்ணாவூர் ஆண்கள் சலூன் பெஞ்சில் முறைக்குக் காத்திருப்பார்கள், அவசரமில்லாமல்.