குழந்தையின் பல்லும் அச்சமும்

“பாற்பல்தானே! எப்படியும் விழப்போவது” என்று நம் இல்லங்களிற் பலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்றுப் பொருந்தாது. பாற்பற்கள் 20-உம் மெல்லுதற்கும் பேசுதற்கும் மட்டுமன்றி, பின்னர் முளைக்கும் பற்களுக்கு இடங்காத்து நிற்பதற்கும் வேண்டுவன. அவற்றுள் கடைசிக் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை நிலைக்க வேண்டியவை. சொத்தையைக் கவனியாது விட்டால் துன்பம் ஆண்டுக்கணக்கில் நீளும்.

ஆயினும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தடையாய் நிற்பது குழந்தையின் அச்சமே. “சேட்டை செய்தால் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்” என மிரட்டும் பெரியோர் அதனை விதைக்கின்றனர். “சிறிதும் வலிக்காது” என உறுதி கூறுதலும் நன்றன்று. சிறிது வலித்துவிட்டாலும் பெற்றோர் சொல்லிற் குழந்தை நம்பிக்கை இழக்கும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால், கர்ஜத்தைக் கடந்து வண்டி குகைக்குள் நுழையுமுன், “இப்போது இருட்டும், உடனே வெளிச்சம் வரும்” என்று சொல்லிவைத்தால் குழந்தை அலறுவதில்லை. இதனையொத்ததே, 1959-இல் ஆடெல்ஸ்டன் என்பார் எழுதி விளக்கிய ‘சொல், காட்டு, செய்’ என்னும் முறை. மருத்துவர் முதலில் எளிய சொற்களால் விளக்குவார்; பின் கருவியைக் காட்டுவார்; அதன் பின்னரே பல்லைத் தொடுவார்.

மும்பையில் வாழும் நமக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. மருத்துவர் மராத்தியிலோ இந்தியிலோ பேசுவார். பள்ளி செல்லாத சிறு குழந்தைக்கோ தமிழன்றி வேறு மொழி தெரியாது. ஆதலின், ‘தோண்ட் உகட்’, ‘மூஹ் கோலோ’ என்றால் ‘வாயைத் திற’ என்பது பொருள் என முன்னரே வீட்டில் விளையாட்டாய்ப் பழக்குக. கண்ணாடி முன் அமர்த்திப் பற்களை எண்ணிக் காட்டுக. “இடது கையை உயர்த்தினால் டாக்டர் நிறுத்துவார்” என்னும் குறியை மருத்துவருடன் பேசி வகுத்துக் கொள்க. கையசைவுக்கு மொழி வேண்டுவதில்லை.

குழந்தை உறங்கியெழுந்து தெளிவாயிருக்கும் காலை நேரமே ஏற்றது. தாயின் பதற்றம் சேயைத் தொற்றுமாதலின், அமைதியாயிருக்க வல்லவரே உடன் செல்க. முடிந்தபின், “வாயை நன்றாய்த் திறந்திருந்தாய்” என்று செய்ததைச் சுட்டிப் பாராட்டுக.

முதல் வருகை ஓராண்டு நிறைவதற்குள் அமைதல் நலம். வலியில்லாத நாளில் அந்நாற்காலியில் அமர்ந்து பழகிய குழந்தை, வலிக்கும் நாளில் அதனைக் கண்டு மிரளாது. நகரில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், அரசினர் பல் மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அன்பர்கள் பயன்படுத்திக் கொள்வார்களாக.