கைகள் பேசிய மாலை!



நான் ஆசிரியராக இருந்த காலத்தில் மாதம் ஒரு முறை கட்டுரைப் போட்டி வைப்பேன். கரும்பலகையில் 'மழை' என்று ஒரே ஒரு தலைப்பை எழுதிப் போடுவேன். ஒருவன் காகிதக் கப்பலைப் பற்றி எழுதுவான். ஒருத்தி ஒழுகும் கூரையைப் பற்றி எழுதுவாள். இன்னொருவன், விதை நெல்லோடு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் தன் அப்பாவைப் பற்றி எழுதுவான். தலைப்பு ஒன்றுதான், ஆனால், ஒவ்வொரு நோட்டிலும் வேறு வேறு மழை பெய்யும்!

லண்டனில் பெரியவர்கள் மூன்று பேர் இப்படி ஒரு கட்டுரைப் போட்டி போலவே ஒரு வேலை செய்தார்கள். அவர்கள் பேனாவால் எழுதவில்லை, நடனத்தால் எழுதினார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'முதல் உலகப் போர்'.

பாலே என்றால் என்ன?

அதைச் சொல்வதற்கு முன் பாலே நடனம் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம். இத்தாலி நாட்டு அரண்மனைகளில் தோன்றி, பிரான்சில் வளர்ந்த நடனம் இது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661ல் நடனத்துக்கென்றே ஒரு கழகம் தொடங்கினார். அதனால்தான், இன்றைக்கும் உலகம் முழுவதும் பாலே அசைவுகளைப் பிரெஞ்சுப் பெயர்களால் அழைக்கிறார்கள்.

பாலே ஆடும் பெண்கள் கால் விரல் நுனியில் நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய காலணியின் முனையில் மரக்கட்டை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! துணியையும் காகிதத்தையும் பசை போட்டு, அடுக்கடுக்காக ஒட்டிக் காய வைத்த முனை அது. பல ஆண்டுப் பயிற்சி இருந்தால்தான் அதில் நிற்க முடியும்.

'அன்ன ஏரி' போன்ற பழைய பாலேக்களில் இளவரசன், இளவரசி, மந்திரவாதி எல்லாரும் வருவார்கள். மாலை முழுவதும் ஒரே கதை. இக்காலத்தில் வேறொரு முறையும் உண்டு. ஒரே மாலையில் மூன்று, நான்கு சிறு நடனங்கள்; ஒவ்வொன்றையும் அமைத்தவர் வெவ்வேறு ஆள். கூட்டாஞ்சோறு மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

நூறு ஆண்டு நினைவு

முதல் உலகப் போர் 1914ல் தொடங்கியது. அதன் நூறாவது ஆண்டு நினைவாக, 2014 ஏப்ரலில் 'இங்கிலீஷ் நேஷனல் பாலே' குழு, லண்டன் பார்பிகன் அரங்கில் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. 'மறவாதிருப்போம்' என்ற பொருள் தரும் 'லெஸ்ட் வி ஃபர்கெட்' என்று அதற்குப் பெயர். அப்போது குழுவின் கலை இயக்குநராக இருந்தவர் தமாரா ரோஜோ என்ற பெண்மணி. மூன்று நடன அமைப்பாளர்களை அழைத்துப் புதிய நடனங்கள் அமைக்கச் சொன்னார். அவற்றோடு, 2012ல் ஜார்ஜ் வில்லியம்சன் அமைத்த 'நெருப்புப் பறவை' என்ற நடனமும் அன்று மேடை ஏறியது.

லியாம் ஸ்கார்லெட் அமைத்த நடனத்தின் பெயர், 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்'. எதிரெதிராகப் பதுங்கு குழி வெட்டி இருக்கும் இரண்டு படைகளுக்கு நடுவே உள்ள இடத்தை அப்படித்தான் சொல்வார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்கள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். பிரிந்தவர்களின் ஏக்கம்தான் நடனம்.

ரஸ்ஸல் மாலிபான்ட், விழுவதையும் எழுவதையும் வைத்தே ஒரு நடனம் அமைத்தார். ஒருவர் சாய்வார், மற்றவர்கள் தாங்குவார்கள். மீண்டும் ஒருவர் விழுவார். போரில் விழுந்தவர்கள் எத்தனை எத்தனை பேர் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

புழுதி

மூன்றாமவர் அக்ரம் கான். இவர் பெற்றோர் வங்கதேசத்தைச் சேர்ந்தவர்கள். இவர் பிறந்தது லண்டனில். சிறு வயதிலேயே பிரதாப் பவார் என்ற குருவிடம் கதக் கற்றவர். பீட்டர் புரூக் இயக்கிய 'மகாபாரதம்' நாடகத்தில் சிறுவனாக நடித்து, பல நாடுகளைச் சுற்றி வந்தவர்!

பாலே, உடம்பைத் தரையிலிருந்து மேலே தூக்கப் பார்க்கும். கதக், தரையைத் தட்டிப் பேச வைக்கும். இரண்டும் சந்தித்தால் எப்படி இருக்கும்? அதுதான் அக்ரம் கான் அமைத்த 'புழுதி'.

மேடையில் ஒரு மனிதன் தனியாகத் தரையில் கிடந்து துடிக்கிறான். ஆடுகிறவர்கள் வரிசையாக நின்று கையோடு கை கோத்துக் கொள்கிறார்கள். அந்தக் கைகளின் சங்கிலி, கடல் அலை போல மேலும் கீழும் நெளிகிறது. பெரிய பறவை ஒன்று சிறகு விரித்தது போலவும் இருக்கிறது. பிறகு ஆண்கள் போருக்குப் போய் மறைகிறார்கள். பெண்கள் நிற்கிறார்கள். இந்த நடனத்தில் தமாரா ரோஜோவும் அக்ரம் கானுமே ஆடினார்கள்.

ஏன் கைகளுக்கு இத்தனை இடம்? காரணம் இருக்கிறது. போரின்போது இங்கிலாந்தில் லட்சக்கணக்கான பெண்கள் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். டி.என்.டி. என்ற வெடிமருந்து பட்டுப் பட்டு, பலருடைய தோல் மஞ்சளாகவே மாறிவிட்டது. கேனரி என்பது மஞ்சள் நிறச் சிறு பறவை. அதனால், அவர்களைக் 'கேனரிப் பெண்கள்' என்று அழைத்தார்கள். சிலர் நோயாலும், சிலர் வெடி விபத்திலும் இறந்தார்கள்.

அந்தப் பெண்களின் கணவரும் மகனும் போர்முனையில். இவர்கள் செய்யும் குண்டோ, வேறொரு நாட்டுத் தாயின் மகனைக் கொல்லப் போகிறது. பிள்ளையைத் தாலாட்டிய அதே கைகள்! இந்த வேதனையைத்தான் அக்ரம் கான் தன் நடனத்துக்கு எடுத்துக் கொண்டார். ஒரு வசனம் கிடையாது. கைகளே பேசின.

நமக்கும் பங்கு உண்டு

'எங்கோ நடந்த போர், நமக்கென்ன?' என்று கேட்காதீர்கள். 1914 செப்டம்பர் 22ம் தேதி இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. இன்றும் கெட்டிக்கார ஆளைப் பார்த்து, 'அவன் பெரிய எம்டன்' என்று தாத்தாக்கள் சொல்வது அதனால்தான்.

அது மட்டுமா? நம் நாட்டிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் போருக்காகக் கடல் கடந்து போனார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. அவர்கள் கதையையும் அக்ரம் கான் மறக்கவில்லை. 2018ல் 'ஜீனோஸ்' என்ற நடனத்தைத் தனியாளாக ஆடினார். அதில் வருபவன் ஓர் இந்திய நடனக் கலைஞன். சலங்கை கட்டிய அவன் காலில் படைவீரனின் சேறு ஒட்டுகிறது. 'ஜீனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'அந்நியன்' என்று பொருள்.

பார்த்தீர்களா, குழந்தைகளே! வரலாற்றுப் புத்தகத்தில் போர் என்றால் தேதிகளும் மன்னர் பெயர்களும்தான் இருக்கும். தேர்வு முடிந்ததும் மறந்து போகும். ஒரு தாயின் கையை மேடையில் பார்த்தவர்கள், அதை லேசில் மறப்பார்களா?

இன்று மாலை நீங்களும் ஒன்று செய்யுங்கள். நண்பர்கள் நாலு பேர் கூடுங்கள். 'பசி' என்றோ, 'பிரிவு' என்றோ ஒரு தலைப்பு வைத்துக் கொள்ளுங்கள். வாயைத் திறக்காமல், கைகளால் மட்டும் ஆளுக்கு ஒரு நிமிடம் நடித்துக் காட்டுங்கள். ஒருவர் செய்வது போல இன்னொருவர் செய்ய மாட்டார். நாலு பேருக்குள்ளும் நாலு விதமான பசி இருப்பதை அன்றைக்குத் தெரிந்து கொள்வீர்கள்!