விருப்பப் பாடம் யாருடைய விருப்பம்?

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி, போடி ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரிக்கோ, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரிக்கோ தங்கள் பிள்ளை செல்கின்றாரா, வாசகர்களே? அவ்வாறாயின் சேர்க்கையின்போது நிரப்பும் பாடத் தெரிவுப் படிவத்தைத் தாங்களும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் 2008-09ஆம் கல்வியாண்டில் விருப்பப் பாடமுறை பரவலாக நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் பகுதியில், பிற துறை நடத்தும் இரு பாடங்களை மாணவர் தாமே தேர்ந்து பயிலலாம். ஆனால் முதற்பகுதியில் தமிழை விடுத்து அரபு முதலிய மொழியை எடுத்தவர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. அவர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்தவராயின் சிறப்புத் தமிழும், மலைக்கு அப்பால் மலையாளப் பள்ளியில் தமிழே பயிலாது வந்தவராயின் அடிப்படைத் தமிழும் எழுத வேண்டும். மொழியைத் தேரும் அன்றே இதுவும் முடிவாகிவிடுகிறது. அறியாமலே கையொப்பமிடுவோர் பலர்.

ஏனையோர் செய்வது என்ன? தோழன் எடுத்ததை எடுக்கின்றனர். (தோழனுக்கு யார் சொன்னார்களோ!) ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடைபெறும் ஊர் போடி. இங்கே வரலாறு பயிலும் மகள் வணிகவியல் துறையில் கணக்குப் பதிவியல் கற்றால், தந்தை கொண்டுவரும் விற்பனைச் சீட்டை அவளே சரிபார்க்கலாம். 'எளிய பாடம்' என்று அலட்சியமாய் இருப்பதும் ஆகாது. நான்காம் பகுதியில் தேறாவிடில் பட்டம் இல்லை.

படிவத்தைக் கொடுக்குமுன் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாளையும் துறையில் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.