வாளை வளைத்துக் காட்டுங்கள்

ஐரோப்பிய வீரர்கள் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஏந்திய வாள்களின் நகல்களைச் செய்து விற்பதே பிழைப்பாகக் கொண்ட பட்டறைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆல்பியன், சீனாவின் தாலியன் நகரில் ஹான்வெய், இத்தாலியில் டெல் டின் ஆகியவை இத்தொழிலில் பெயர் பெற்றவை. நம் நாட்டில் டேராடூனில் உள்ள விண்ட்லஸ், கூர்க்கா படைகளுக்குக் குக்ரிக் கத்தி செய்வதற்காக 1943-இல் தொடங்கப்பட்டது. இன்று மேலை நாடுகளுக்கு நகல் வாள்களை ஏற்றுமதி செய்கிறது. வாங்குகிறவர்களில் சிலர் வாளைச் சுவரில் மாட்டுகிறார்கள். சிலர் பழைய வாட்போர்ச் சுவடிகளைப் படித்து, அதன்படி வீசிப் பழகுகிறார்கள். பெரும்பாலோர் படத்தையும் விவரத்தையும் நம்பிப் பணம் கட்டுகிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகு வாள் ஆடினால், வளைந்தால், உடைந்தால், அந்த நம்பிக்கையும் அதோடு போய்விடுகிறது. போன நம்பிக்கையை அந்தப் பட்டறையால் திரும்பப் பெற முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. ஆனால் மன்னிப்புக் கடிதமும் தள்ளுபடியும் அதற்குப் போதாது. பிறர் வைக்கும் சோதனைக்குத் தன் சரக்கை உட்படுத்தி, தேறாததை ஒதுக்கிக் காட்டுகிற தொழிலாளிக்கே அது கைகூடும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டும்? நகல் வாளின் மோசமான குறைகள் கண்ணுக்குப் படாத இடத்தில் இருப்பதுதான் காரணம். முறையாகச் செய்த வாளில், அலகின் இரும்பே ஒடுங்கி வால்போல நீண்டு, பிடிக்குள் நுழைந்து, மறுமுனையில் உள்ள குமிழைத் துளைத்து வெளியே வரும். அந்த நுனியைச் சம்மட்டியால் தட்டிப் பரப்பிவிட்டால் குமிழ் கழலாது. மலிவாக முடிக்க நினைப்பவரோ அலகின் அடியில் ஒல்லியான மரையிட்ட கம்பியை வெல்டிங் வைத்து, அதில் குமிழை நட்டுபோல முறுக்கிவிடுவார். மேலே தோலைச் சுற்றிவிட்டால் இரண்டு வாளும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் வீசும்போது அதிக அழுத்தம் விழுவது வெல்டிங் வைத்த அந்த இடத்தில்தான். அது விட்டுப்போனால் மூன்றடி நீள இரும்பு யார்மீது பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. எடையும் இப்படித்தான். பழைய ஒற்றைக்கை வாள்கள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். பிடியிலிருந்து முனைவரை அலகின் தடிமன் படிப்படியாகக் குறைவதால் கைக்கு இலகுவாக இருக்கும். தகட்டை ஒரே தடிமனில் வெட்டி எடுத்த நகலில் அந்த இலகு வராது. படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

எல்லாக் குறையும் ஒரே தரத்தது இல்லை. ஓர் உலையில் ஒரு நாள் சூடு சரியாக ஏறாமல் சில அலகுகளுக்குப் பதம் தப்பிவிட்டால், அது கைப்பிசகு. வெல்டிங் வைத்த கம்பியை மறைத்து, முழு இரும்பு என்று எழுதி விற்றால், அது வஞ்சனை. முன்பணம் வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தில் பழைய ஆர்டரை முடித்து, புதிய ஆர்டருக்கு இன்னொருவரின் முன்பணத்தை எதிர்பார்ப்பதும் நடக்கிறது. நொடிந்துபோகும் சீட்டுக் கம்பெனியைப் போல, அது கைப்பிசகாகத் தொடங்கி வஞ்சனையில் முடியும். நம்பிக்கை முறிவைப் பற்றி 2004-இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு, திறமைக் குறைவால் வந்த தவறுக்கு மன்னிப்பு கேட்பது பலன் தருகிறது என்றும், நேர்மைக் குறைவு என்று கருதப்படும் தவறுக்கு அதே மன்னிப்பு உதவுவதில்லை என்றும் காட்டியது. ஆகவே பட்டறைக்காரர் முதலில் செய்ய வேண்டியது, நடந்தது இரண்டில் எது என்று வாடிக்கையாளர் தாமே தெரிந்துகொள்ள வழிவிடுவது. மறைத்து வைத்திருக்கும்வரை எல்லாத் தவறும் வஞ்சனையாகவே எண்ணப்படும்.

திறந்த சோதனை நம்பிக்கையை மீட்கும் என்பதற்கு இத்தொழிலின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1783-இல் லண்டன் வாள் வியாபாரிகள், இங்கிலாந்தில் செய்யும் வாள்கள் மட்டமாக இருப்பதால் ஜெர்மன் வாள்களைச் சுங்கவரியின்றி இறக்குமதி செய்ய விட வேண்டும் என்று அரசிடம் மனுக் கொடுத்தார்கள். பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் கில் என்ற வாள் உற்பத்தியாளர், ஜெர்மன் வாளுக்கு ஈடான வாளைத் தம்மால் செய்ய முடியும் என்று பதில் மனுக் கொடுத்தார். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனி குதிரைப்படைக்குப் பத்தாயிரம் வாள்கள் வாங்க முனைந்தபோது, யார் செய்ததானாலும் ஒரே இயந்திரத்தில் சோதிக்க வேண்டும் என்று கில் கேட்டார். 36 அங்குல நீள அலகை, முனைக்கும் பிடிக்கும் இடையே 29½ அங்குலமாகும்வரை வளைக்க வேண்டும். அது உடையாமல் தாங்க வேண்டும். ஜெர்மன் வாள்கள் 1,400-இல் 28 தள்ளப்பட்டன. கில்லைத் தவிர்த்த மற்ற இங்கிலாந்துக்காரர்களின் 2,700-இல் 1,084 தள்ளப்பட்டன. கில் கொடுத்த 2,650-இல் தள்ளுபடியானவை நான்கே. அதன்பின் தம் வாள்களில், ஒருபோதும் கைவிடாது என்ற உத்தரவாதத்தையே அவர் பொறித்தார். அவர் தம் சொந்தத் தவறுக்குப் பரிகாரம் தேடியவர் இல்லைதான். ஆனால் சக தொழிலாளர்கள் கெடுத்த பெயரை அவரும் சுமக்க வேண்டியிருந்தது. அதைத் துடைக்க அவர் தம் சாமர்த்தியத்தைப் பேசவில்லை. போட்டியாளருக்கும் தமக்கும் பொதுவான அளவுகோலைக் கேட்டார்.

இன்றைய பட்டறைக்கும் இந்த வழி பொருந்தும். பிடி மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு அலகின் வாலையும் படமெடுத்து, வரிசை எண்ணோடு வாங்குபவருக்கு அனுப்பலாம். எடை, சமநிலைப் புள்ளி, அடியிலும் முனையிலும் தடிமன், எஃகின் வகை, கடினத்தன்மை ஆகியவற்றை எழுதிக் கொடுக்கலாம். ஒரு தொகுதியில் ஒரு வாளையாவது உடையும்வரை சோதித்து, முடிவை வெளியே வைக்கலாம். முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, சொன்ன தேதி தவறினால் கேட்காமலே திருப்பித் தரலாம். எல்லாவற்றுக்கும் முதலாக, முன்பு குறையுள்ள வாளை வாங்கியவர்களை நாடிப் போய் மாற்றியோ பணமாகவோ ஈடு செய்ய வேண்டும். பழைய கடனைத் தீர்க்காமல் வைக்கும் புதிய சோதனை வெறும் விளம்பரமாகிவிடும்.

குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். மியூசியங்களில் மூல வாள்களை அளந்து வடிவமைத்த ஒரு வாளின் விலைக்கு, மலிவு ரகத்தில் மூன்று நான்கு வாங்கிவிடலாம் என்பது உண்மை. அந்த விலை வித்தியாசம் மெருகிலும் வடிவ நுணுக்கத்திலும் தெரிவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த விலையானாலும் சொன்ன சொல் சொன்னதுதான். சுவரில் மாட்ட மட்டும், வீசக் கூடாது என்று எழுதி விற்ற துருப்பிடிக்காத எஃகு வாள் யாரையும் ஏமாற்றவில்லை. அதையே வெட்டிப் பழக ஏற்றது என்று விற்றால்தான் ஏமாற்று.

சூடுபட்டவர் திரும்பி வரமாட்டார், அவர்மீது செலவழிப்பது வீண் என்ற வாதம் இதைவிட வலுவானது. அதற்கு ஆதாரமும் உண்டு. வாடிக்கையாளர் குறைகளைப் பற்றிய பல ஆய்வுகளை 2007-இல் தொகுத்துப் பார்த்தபோது, குறையை நன்றாகத் தீர்த்தால் திருப்தி முன்பைவிட உயரலாம் என்றும், மறுபடி வாங்கும் எண்ணம் அதே அளவு உயர்வதாகத் தெரியவில்லை என்றும் கண்டார்கள். இரண்டாவது முறையும் குறை நேர்ந்தால், அதை நன்றாகத் தீர்த்தாலும் அந்த உயர்வு வராது என்று 2002-இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. இதை நான் ஏற்கிறேன். எல்லோரும் திரும்ப வரமாட்டார்கள்தான். ஆனால் வாள் வாங்குவோர் கூட்டம் சிறியது. வீசிப் பழக வாங்குகிறவர்கள் தங்கள் பயிற்சிக் குழுவில் விசாரித்துவிட்டு வாங்குவதும் உண்டு. திரும்ப வாங்காத பழைய வாடிக்கையாளரும், என் பணத்தைக் கேட்காமலே தந்துவிட்டார்கள் என்று நாலு பேரிடம் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ஐந்தாவது ஆள் துணிந்து வாங்குவார்.

மீட்ட நம்பிக்கையும் ஒரு முறையோடு முடிந்துவிடாது. கில்லின் வெற்றிக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1885-இல் சூடானின் அபு கிளியா போரில், பிரிட்டிஷ் துருப்பினரின் துப்பாக்கி முனைக் கத்திகள் கைகொடுக்க வேண்டிய நேரத்தில் வளைந்துபோயின என்ற செய்தி நாட்டையே கொதிக்க வைத்தது. முன்னோர் வாங்கிய நற்பெயர் பின்னால் வரும் இரும்புக்குப் பதம் ஏற்றாது. ஆகவே, ஏமாந்த வாடிக்கையாளரின் மனத்தை எப்படி மாற்றுவது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அவர் சந்தேகப்படும் இடத்தை ஒவ்வொரு தொகுதியிலும் அவருக்குத் திறந்து காட்டுகிற பட்டறைக்கு மறுவாழ்வு உண்டு. அதற்குத் துணியாத பட்டறையை வாங்குபவர்கள் ஒதுக்குவது அவர்கள் பாதுகாப்புக்கு நல்லது. நேர்மையாகச் சுத்தியல் பிடிக்கும் மற்றத் தொழிலாளிக்கும் அதுவே நியாயம்.