மின்சார வண்டியில் ஈயக்கலம் நீக்கி லித்தியக்கலம் அமைத்தல்

மின்சாரத்தால் ஓடும் வண்டி நம் காலத்துப் புதுமை என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பிரெஞ்சு விஞ்ஞானியாகிய காஸ்தோன் பிளாந்தே என்பார் 1859-ஆம் ஆண்டிலேயே ஈய மின்கலத்தைக் கண்டனர். 1899-இல் கமீல் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியர் பாரிஸ் நகருக்கு அருகே மின்சார வண்டியொன்றை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிக் காட்டினார். சாலையூர்திகளுள் அவ்வேகத்தை முதன்முதற் கடந்தது அவ்வண்டியே. எனினும் பின்னர்ப் பெட்ரோல் வண்டியே மேலோங்கிற்று. அதற்கு ஈயத்தின் பாரமும் ஒரு காரணமாம்.

அப்பாரம் எத்தகையது என்பதை எங்கள் தொழிற்கூடத்தில் மாணவர் சிலர் கூடிச் சமைத்த சிறு நாற்சக்கர வண்டியைக் கொண்டு விளக்குவோம். அதில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈயப் பாட்டரிகள் நான்கு தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ. ஆக 120 கிலோ. கணக்குப்படி அவற்றில் அடங்குவது 4.8 கிலோவாட்-மணி. ஆயினும் ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைவிற் குறையும். அன்றியும், விரைந்து செலவிடுந்தோறும் அது தரும் மின்சாரத்தின் அளவும் குறையும். இவ்வுண்மையைப் பாய்க்கெர்ட் என்னும் ஜெர்மானியர் 1897-இல் வகுத்துரைத்தார். ஆகவே உண்மையில் எங்கட்குக் கிடைத்தது 2.4 கிலோவாட்-மணிக்கும் குறைவே.

இனி, லித்தியக் கலங்களுள் பலவகை உண்டு. வண்டி சமைப்போர்க்கு ஏற்றது லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகை. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் அக்ஷய பாதி, ஜான் குடினஃப் முதலியோர் ஆராய்ந்து இப்பொருளின் பயனை 1997-இல் வெளியிட்டனர். குடினஃப் பிற்பாடு 2019-இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவர். இக்கலம் ஒன்றின் இயல்பான அழுத்தம் 3.2 வோல்ட். பதினாறு கலங்களைத் தொடராக இணைப்பின் 51.2 வோல்ட் ஆகும். 100 ஆம்பியர்-மணிக் கலங்களாயின் 5.12 கிலோவாட்-மணி அடங்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிச் செலவிடலாம். மொத்த எடையோ 50 கிலோவுக்கு உட்பட்டது. பாரம் பாதிக்கும் கீழ். பயன் ஏறத்தாழ இருமடங்கு.

இத்துணை நன்மை கண்டோர், பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தாற் போதும் என்று கருதுவது இயல்பே. இங்கேதான் பெரும்பிழை நேர்கின்றது. ஈயக்கலம் பொறுமையுடையது. அது நிறைந்த பின்னும் மின்சாரம் பாய்ந்தால், உள்ளிருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிந்து வெளியேறும். அவ்வாறு ஒரு கலம் மிகையைக் கழித்துக் கொண்டிருக்கையில், குறைந்து நிற்கும் கலங்கள் நிறைந்துவிடும். நாம் செய்யவேண்டுவது நீர் வார்ப்பது ஒன்றே. லித்தியக் கலத்திலோ நீர் இல்லை. எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவமே உண்டு. மிகையான மின்சாரம் அத்திரவத்தைச் சிதைத்து, மூடிய கலத்தினுள்ளே வாயுவைப் பெருக்கும். அதற்குப் போக்கிடம் இல்லை.

இவ்வேற்றுமையை யாங்கள் நூலிற் படித்திருந்தும் கைப்பட்டே உணர்ந்தோம். ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் காவற்கருவிக்குப் பணம் போதாமையால், அதனைப் பின்னர் வாங்கலாம் என்று விடுத்தோம். பழைய சார்ஜரையே இணைத்தோம். அதன் உச்ச அழுத்தம் 57.6 வோல்ட், பதினாறாற் பகுத்தால் கலமொன்றுக்கு 3.6 வோல்ட். லித்தியக் கலத்தின் எல்லை 3.65 ஆதலின், கணக்கு முற்றும் பொருந்திற்று என்று மகிழ்ந்தோம். மறுநாட் காலையில் ஒரு கலம் வீங்கிப் புடைத்திருக்கக் கண்டோம். அளந்து பார்த்தபோது பதினைந்து கலங்கள் 3.56 வோல்ட் வீதமும், அவ்வொன்று மட்டும் 4.2 வோல்ட்டும் காட்டின. கூட்டினால் அதே 57.6! மொத்தம் சரியாயிருந்தது, ஒன்று மட்டும் அழிந்தது. கடவுள் கிருபையால் தீப்பற்றவில்லை. அக்கூடத்துக்கு அடுத்த அறையில் காவலாளர் உறங்கியிருந்தார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது.

ஆதலின் இம்மாற்றத்தைச் செய்ய விழைவோர் கைக்கொள்ள வேண்டிய முறைகளைக் கூறுவோம். முதலாவது, கலங்களைத் தொடராக இணைக்குமுன் யாவற்றையும் ஒருபுடையாக, நேர்முனையோடு நேர்முனை சேர்த்து, 3.65 வோல்ட் வரை மெல்ல மின்னேற்றிச் சமநிலைப்படுத்துக. இரண்டாவது, பி.எம்.எஸ். என வழங்கும் காவற்கருவியை இன்றியமையாததாகக் கொள்க. எக்கலமேனும் மேலெல்லை கடந்தால் மின்னேற்றத்தையும், 2.5 வோல்ட்டாகிய கீழெல்லையை அடைந்தால் மின்செலவையும் அது நிறுத்தும். ஓடும் வண்டி நடுச்சாலையில் திடீரென நில்லாதிருக்க, மோட்டாரைக் கட்டுப்படுத்துங் கருவி அதற்குச் சற்று முன்னரே வேகத்தைக் குறைக்குமாறு அமைத்தல் நன்று. மூன்றாவது, லித்தியத்துக்கென்றே அமைந்த சார்ஜரைப் பெறுக. ஈயப் பாட்டரிச் சார்ஜர்களுட் சில, கலங்களைச் சமப்படுத்தும்பொருட்டு 60 வோல்ட்டுக்கு மேலும் உயர்த்தும். அது புதிய கலங்கட்கு நஞ்சாகும்.

நான்காவது, வோல்ட் மானியைக் கொண்டு எஞ்சிய மின்சாரத்தை மதிப்பிடற்க. இக்கலத்தின் அழுத்தம் பெரும்பகுதியும் மாறாது நின்று, முடிவில் சடுதியில் வீழும். உட்புகுவதையும் வெளிச்செல்வதையும் ஆம்பியர்-மணியாக எண்ணும் மானியே வேண்டும். ஐந்தாவது, பாட்டரியின் முனைக்கு அருகிலேயே நேர்மின்னோட்டத்துக்குரிய பியூஸ் ஒன்று வைக்க. வேலை செய்கையில் மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, பிடி உறையிட்ட கருவிகளையே கையாளுக. ஒரு ஸ்பானர் இரு முனைகளிற் குறுக்கே வீழ்ந்தால் பாயும் மின்னோட்டம் இரும்பையும் உருக்க வல்லது. ஆறாவது, பாரம் குறைந்தமையின் வண்டியின் வில்கள் மிக விறைப்பாக நிற்கும். அவற்றையும் பிரேக்குகளையும் மீண்டும் சோதித்துத் திருத்துக. கழித்த ஈயப் பாட்டரிகளைக் குப்பையில் எறியாது வணிகரிடமே ஒப்படைக்க; ஈயமும் திராவகமும் மண்ணுக்கும் நீருக்கும் கேடு செய்வன.

புதுத் திராட்சரசத்தையும் பழந்துருத்தியையும் பற்றிய உவமையை நம் மாணவர் யாவரும் அறிவர். யாங்கள் செய்தது அதுவே. பின்னர் எல்லாரும் சேர்ந்து பொருள் திரட்டிக் காவற்கருவியும் உரிய சார்ஜரும் வாங்கினோம். வீங்கிய கலத்துக்கு ஈடாக வேறொன்று அமைத்தோம். இன்று அவ்வண்டி முன்னினும் இருமடங்கு தொலைவு செல்கின்றது. பழுதுற்ற அக்கலத்தின் மின்சாரத்தைத் திறந்தவெளியில் முற்றும் கழித்தபின் அப்புறப்படுத்தினோம். எனினும் அது காட்டிய 4.2 என்னும் எண்ணைத் தொழிற்கூடச் சுவரில் எழுதி வைத்திருக்கின்றோம். கூட்டுத்தொகை சரியென்று கண்டு மகிழ்வோர், தனித்தனிக் கலங்களையும் அளந்து பார்த்த பின்னரே உறங்கச் செல்வாராக.